ஒரு ந.க. எண் கேட்டு: முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

அனுப்புநர்: பள்ளிக் கல்வித் துறையில் 34 ஆண்டு எழுத்து வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்ற ஒருவன்.

பெறுநர்: மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: பள்ளிக் கல்வி – அலுவலகத்துக்கு நேரில் மனு கொண்டு வரும் பெற்றோருக்கு அன்றே ந.க. எண் (அலுவலகப் பதிவேட்டில் மனுவுக்கு விழும் எண்) கொடுப்பது – வேண்டுதல் – சார்ந்து.

பார்வை: ஜூன் மாதம் முதல் நானே கண்ணால் பார்த்தது.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு, வணக்கம்.

பொருள், பார்வை போடாமல் எனக்குக் கடிதம் எழுத வராது. மகளுக்கு எழுதினால்கூட இரண்டாவது வரியில் "பார்வையில் காணும் தங்கள் கடிதத்தின்படி" என்று வந்துவிடும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலை பத்தரை மணிக்குத் தபால் பிரிவில் இருக்கும் தம்பிக்கு விளக்கம் கேட்டு மெமோ போகும். அடுத்த வாரம் ஒழுங்கு நடவடிக்கை விதி 17(அ)-வின் கீழ் குற்றச்சாட்டு வரும். நான் சொல்லப்போவது அந்தத் தம்பியின் குற்றம் இல்லை. அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மாவட்டத் தலைநகர், பெரிய ஊரும் இல்லை, சின்ன ஊரும் இல்லை, அவ்வளவு போதும். 38 மாவட்டங்களில் யாருக்குப் பொருந்துகிறதோ அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு பெண் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். கணவர் லோடு ஆட்டோ ஓட்டியவர், ஒரு விபத்துக்குப் பிறகு வீட்டோடு இருக்கிறார். மகன் ஆறாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்தான். கட்டணத்தில் 18,500 ரூபாய் பாக்கி நின்றுவிட்டது. அதைக் கட்டினால்தான் டி.சி. என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். சரி, டி.சி. இல்லாமலே பார்ப்போம் என்று பையனை நகராட்சி நடுநிலைப் பள்ளிக்குக் கூட்டிப் போனார். அங்கே தலைமை ஆசிரியர் தங்கமான மனிதர். "பையன் வந்து உட்காரட்டும்மா, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா எமிஸ்ல பேரு பழைய ஸ்கூல்லயே நிக்குது. அவங்க காமன் பூலுக்கு விட்டாத்தான் நான் எடுக்க முடியும்" என்றார்.

வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் தளத்தில் ஓர் எண் உண்டு. பள்ளி மாறும்போது பழைய பள்ளி அந்த எண்ணைப் பொதுத் தொகுப்பில் விட வேண்டும், புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அதைத்தான் காமன் பூல் என்கிறார்கள். விடாவிட்டால் பையனின் உடம்பு இங்கே, பெயர் அங்கே. வருகைப் பதிவில் அவன் இல்லை. புத்தகக் கட்டு வந்தபோது அவனுக்கு என்று ஒன்று வரவில்லை. பக்கத்துப் பையனின் புத்தகத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்திருந்தான்.

சட்டத்தில் குழப்பமே இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவை நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருப்பீர்கள். எட்டாம் வகுப்புக்குள் இருக்கும் குழந்தை அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாற விரும்பினால், பழைய பள்ளியின் தலைமை ஆசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். சான்றிதழ் வரத் தாமதம் என்று சொல்லி, புதிய பள்ளி சேர்க்கையை நிறுத்தக் கூடாது. தாமதம் செய்யும் தலைமை ஆசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். இதெல்லாம் அந்த ஒரே பிரிவில் இருக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் கட்டணப் பாக்கியை வசூலிக்க டி.சி.யைக் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. தலைமை ஆசிரியருக்கும் இது தெரியும். ஆனால் எமிஸ் தளத்துக்கு 5-ஆம் பிரிவு தெரியாதே.

அதனால் அந்தப் பெண் உங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மாடியில் யாரோ ஒருவர் "இது பி.இ.ஓ. ஆபீஸ்ல பாக்க வேண்டியது" என்றார். வட்டாரக் கல்வி அலுவலகம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், இரண்டு கிலோமீட்டர். அங்கே, "பழைய பள்ளி தனியார் பள்ளி, நாங்க அவங்களைக் கேக்க முடியாது, தனியார் பள்ளிகள் டி.இ.ஓ.வைப் பாருங்க" என்றார்கள். அந்த அலுவலகம் எங்கே என்று கேட்டால் ஆளுக்கு ஓர் இடம் சொன்னார்கள். தப்பு சொல்ல முடியாது. 2018-இல் துறையை ஒரு முறை கலைத்து அடுக்கினார்கள். தொடக்கக் கல்விக்கென்று இருந்த மாவட்ட அலுவலர் பதவி போனது, உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் வட்டாரக் கல்வி அலுவலர் ஆனார். 2022-இல் மறுபடி கலைத்து, தொடக்கக் கல்விக்கு ஒருவர், இடைநிலைக்கு ஒருவர், தனியார் பள்ளிகளுக்கு ஒருவர் என்று மாவட்டக் கல்வி அலுவலர்களைப் பிரித்தார்கள். எங்கள் ஊர் வட்டார அலுவலகத்தின் வாசலில் இன்னும் பழைய பெயர்ப் பலகைதான் தொங்குகிறது. துறையிலேயே இருந்த நானே ஒரு நிமிடம் நின்று யோசித்துத்தான் உள்ளே போனேன் என்றால், ஜவுளிக்கடையில் அரை நாள் அனுமதி கேட்டு வந்தவர் என்ன செய்வார்?

மூன்று அலுவலகம், நான்கு மனு. நான்கும் ஒரே மாதிரி எழுதியது, மகனே எழுதிக் கொடுத்திருக்கிறான், கையெழுத்து அழகாக இருந்தது. நான்காவது மனு கொடுத்த பிறகுதான் என்னிடம் வந்தார். நான் முதலில் கேட்டது, "எண் என்னம்மா போட்டுக் கொடுத்தாங்க?" என்பதுதான். அவருக்குப் புரியவில்லை. கைபேசியை எடுத்து, கொடுப்பதற்கு முன்னால் மனுவைப் பிடித்திருந்த படத்தைக் காட்டினார். முத்திரை இல்லை, தேதி இல்லை, வாங்கியவர் சுருக்கொப்பம் இல்லை. அதாவது, அந்தப் பெண் எந்த அலுவலகத்துக்கும் வரவே இல்லை என்று நாளைக்கு யாராவது சொன்னால், நம் பதிவேடு அதற்குச் சாட்சி சொல்லும்.

அப்புறம் நான் அவரோடு உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்து நின்றார்கள், நாற்காலி போட்டார்கள், டீ வந்தது. பழைய சிநேகிதர் ஒருவர் எமிஸ் பார்க்கும் மேசைக்குப் போய் இரண்டு வார்த்தை சொன்னார். ஐந்து நிமிடம். டீ ஆறுவதற்குள் பையனின் பெயர் நகராட்சிப் பள்ளிக்கு வந்துவிட்டது. அந்தப் பெண் கும்பிட்டார், என்னைப் பார்த்து. எனக்கு அந்த டீயை முழுதாகக் குடிக்க முடியவில்லை. ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் குடியிருக்காத தெருவில் இருப்பவர்கள் யாரைக் கூட்டி வருவார்கள்?

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்த மடல் யோக்கியமாக இருக்காது.

1991-இல் நான் ஒரு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தேன். தபால் வந்ததும் தேதி முத்திரை, பதிவேட்டில் வரிசை எண், பிரிவுக்குப் பகிர்மானம், பிரிவு எழுத்தர் தன்பதிவேட்டில் (தன் மேசைக்கு வந்த காகிதங்களின் கணக்கில்) ஏற்றுவது, கண்காணிப்பாளர் தன்பதிவேட்டைத் தணிக்கை செய்வது. வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. ஆனால் அதில் ஒரு நேர்த்தி உண்டு. ஒரு காகிதத்துக்கு ந.க. எண் விழுந்துவிட்டால், அதை யாராலும் கொல்ல முடியாது. பதில் போட வேண்டும், அல்லது ஏன் போடவில்லை என்று எழுத வேண்டும். எண் விழாத காகிதமோ, வேர்க்கடலை மடிக்கக் கொடுத்தாலும் கேட்பாரில்லை.

இயக்குநர் அலுவலகத்திலிருந்து வருவதற்கு உடனே எண் போடுவோம். தலைமை ஆசிரியர் கடிதத்துக்கும் போடுவோம். பொதுமக்கள் கையில் கொண்டு வருவதை மட்டும் வாங்கி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி, "பார்த்துச் சொல்றோம், போயிட்டு வாங்க" என்போம். கெட்ட எண்ணத்தில் இல்லை. எண் போட்டால் அது நிலுவை. மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியல் எடுக்கும்போது பிரிவுக்கு எத்தனை நிலுவை என்றுதான் அதிகாரி கேட்பார். நிலுவை அதிகமானால் திட்டு. நிலுவையைக் குறைக்க இரண்டே வழி. ஒன்று வேலையை முடிப்பது. மற்றது எண்ணே போடாமல் இருப்பது. எது சுலபம் என்று சொல்லத் தேவையில்லை.

ஒருவர் வந்தார், கிராமத்து மனிதர். மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் தொலைந்துவிட்டது, நகல் வேண்டும். இணைப்பில் ஒரு காகிதம் குறைந்தது. அதை எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். நான் வாயால் சொன்னேன், அவர் தலையாட்டினார், அவருக்குப் புரியவில்லை என்பது எனக்கும் தெரியும். ஐந்து முறை வந்தார். ஒவ்வொரு முறையும் "இன்னும் ஆர்டர் வரலை" என்றேன். மூன்று மாதம் கழித்து எனக்கு மாறுதல் வந்து மேசையைக் காலி செய்தபோது, கண்ணாடிக்கு அடியில் அந்த மனு இருந்தது. ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் சேர்வதற்காக வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தார். சேர்க்கை முடிந்து போயிருந்தது. மனுவில் எண் இல்லாததால் எனக்கு ஒரு மெமோகூட வரவில்லை. 34 ஆண்டில் எனக்குக் கெட்ட பெயர் இல்லை என்று ஓய்வு விழாவில் பேசினார்கள். எண் போட்ட காகிதங்களை வைத்துச் சொன்னது அது.

ஆகவே, நான் கேட்பது ஏதோ புதிய திட்டம் இல்லை. மனு வந்தால் மூன்று நாளுக்குள் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் பதில் என்று பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை 2015 செப்டம்பரிலேயே அரசாணை போட்டிருக்கிறது, எண் 99. உங்கள் அலுவலகப் பீரோவில் அதன் நகல் இருக்கும். நான்தான் கோப்பில் சேர்த்தேன்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் நடக்கிறதே, அங்கே எண் கொடுக்கிறார்களே என்பீர்கள். கொடுக்கிறார்கள். அந்த மனு ஆட்சியரிடமிருந்து "தக்க நடவடிக்கைக்காக" உங்களுக்கு வரும். நீங்கள் மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்புவீர்கள், அவர் வட்டாரத்துக்கு, வட்டாரம் பள்ளிக்கு. கடைசியில் யார் மீது புகாரோ அவரே "மனுதாரர் கூறுவது உண்மைக்குப் புறம்பானது" என்று ஓர் அறிக்கை எழுதித் தருவார். அது வந்த வழியே மேலே ஏறும். மனு முடிந்தது. இந்த அறிக்கைகளை எத்தனை தட்டச்சு செய்திருக்கிறேன் என்று கணக்கில்லை. கீழே உங்கள் வாசலிலேயே எண் கிடைத்தால் பாதிப் பேர் ஆட்சியர் அலுவலகத்தில் வெயிலில் வரிசையில் நிற்க மாட்டார்கள்.

இன்னொரு கூட்டம் இப்போது அதிகமாக வருகிறது, கவனித்திருப்பீர்கள். முப்பது, முப்பத்தைந்து வயது ஆண்களும் பெண்களும் தாங்கள் ஒன்றாம் வகுப்பு படித்த பள்ளியைத் தேடி வருகிறார்கள். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010-இலேயே சட்டமானது. 2020-இல் அதைத் திருத்திய பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று வேண்டும் என்றாகிவிட்டது. நல்ல திருத்தம், எனக்கு அதில் மறுப்பில்லை. இ-சேவை மூலமே விண்ணப்பிக்கலாம் என்றும் ஏற்பாடு செய்தார்கள். விண்ணப்பம் இணையத்தில் போகிறது. பதிவேடு பீரோவில்தானே இருக்கிறது?

என் அக்கா மகன் படித்த தொடக்கப் பள்ளி மாணவர் குறைந்து பக்கத்துப் பள்ளியோடு சேர்ந்துவிட்டது. சேர்க்கை நீக்கல் பதிவேடு பக்கத்துப் பள்ளிக்குப் போகவில்லை, வட்டார அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. அங்கே இருக்கும் பீரோவின் சாவி மாற்றுப் பணியில் வேறு ஒன்றியத்துக்குப் போனவரிடம் இருக்கிறது. பதினொரு நாள். தேர்வாணையத்தில் சான்றிதழ் பதிவேற்றக் கடைசித் தேதிக்கு முந்தைய நாள் மாலை சாவி வந்தது. பதிவேட்டைத் திறந்தால் ஓரமெல்லாம் கரையான், நல்ல வேளையாக அவன் பெயர் இருந்த பக்கத்தில் பிறந்த தேதி வரை தப்பித்திருந்தது. அந்தப் பதினொரு நாளும் அவன் கையில் எந்த அத்தாட்சியும் இல்லை. தேதி தவறியிருந்தால் யார் மீது தவறு என்று நிரூபிக்க அவனிடம் ஒன்றும் இருந்திருக்காது. பழைய பதிவேடுகளைப் படம் பிடித்து வைப்பது தனிப் பெரிய வேலை, அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். மூடிய பள்ளிகளின் பதிவேடு எந்த அலுவலகத்தில், எந்தப் பீரோவில், சாவி யாரிடம் என்று ஒரே ஒரு தாளில் எழுதி ஒட்டுவது பெரிய வேலை இல்லை.

உங்கள் ஆட்களின் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. தொடக்கப் பள்ளியில் எழுத்தர் பணியிடமே கிடையாது, தலைமை ஆசிரியரே சான்றிதழும் எழுதி, எமிஸும் ஏற்றி, மூன்றாம் வகுப்புக்குப் பாடமும் நடத்த வேண்டும். உயர்நிலைப் பள்ளிகளில் இளநிலை உதவியாளர் இடம் காலியாக இருந்தால், பக்கத்துப் பள்ளி உதவியாளர் வாரம் இரண்டு நாள் வந்து போவார். உங்கள் அலுவலகத்திலோ பாதி உயிர் நீதிமன்ற வழக்குகளுக்குப் போகிறது. பதவி உயர்வு வழக்கு, பணிவரன்முறை வழக்கு, அப்புறம் அவமதிப்பு வழக்கு. எதிருரை தாக்கல் செய்ய மதுரைக்கோ சென்னைக்கோ ஓடுகிறவர் திரும்பி வரும்போது, "இன்று மாலை 4 மணிக்குள் தவறாது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படிவம் காத்திருக்கும். எங்கள் காலத்தில் "மிக அவசரம்" என்ற சிவப்புச் சீட்டு மாதத்துக்கு இரண்டு வரும். இப்போது எல்லாமே சிவப்பு. (நான் 2019-இல் 58-இல் வீட்டுக்குப் போனேன். அடுத்த ஆண்டே ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள், அதற்கு அடுத்த ஆண்டு 60. கொஞ்ச நாள் வருத்தப்பட்டேன். இப்போது அந்த வாட்ஸ்அப் குழுவை நினைத்தால் வருத்தம் இல்லை.)

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலிருந்து வரும் காகிதம் எல்லாம் எண்ணோடு வருகிறது, கீழிருந்து வருவது எண் இல்லாமல் வருகிறது. அப்படியிருக்க நேரம் எதற்குப் போகும்? எண் உள்ளதற்குத்தான். நானும் அதையே செய்திருப்பேன். செய்தேன்.

நகராட்சிப் பள்ளிகள் விஷயம் இன்னும் மோசம். ஆசிரியர் உங்கள் துறை, கட்டடம் நகராட்சி. மேற்கூரை ஒழுகுகிறது என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் தீர்மானம் போட்டால், தலைமை ஆசிரியர் அதை உங்கள் வழியாக அனுப்ப வேண்டுமா, நேராக நகராட்சி ஆணையருக்கு அனுப்ப வேண்டுமா என்றே இரண்டு மாதம் போகிறது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று பிள்ளைகள் போன பிறகு, மாநிலம் முழுக்கப் பழைய கட்டடங்களைப் பார்த்து இடித்தார்கள். அந்த ஓட்டம் ஓய்ந்துவிட்டது. விரிசல் ஓயாது. சுவர் பற்றி ஒரு தாய் எழுதிக் கொடுக்கும் காகிதத்துக்கும் அதே நாள் எண் விழ வேண்டும், எந்தத் துறைச் சுவராக இருந்தாலும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போடுங்கள். மாடி ஏற முடியாத தாத்தா பாட்டிகள்தான் பேரப் பிள்ளைக்காக அதிகம் வருகிறார்கள், ஒரு பெஞ்சும் போடுங்கள். கார்பன் வைத்த ரசீதுப் புத்தகம் போதும், கணினிகூட வேண்டாம், மின்சாரம் போனாலும் வேலை செய்யும். சீட்டில் எண், தேதி, எந்தப் பிரிவு, அந்தப் பிரிவின் தொலைபேசி. அந்தத் தொலைபேசியை யாராவது எடுக்கவும் வேண்டும், கல்வி உதவி எண் 14417-க்குப் போடுங்கள் என்று சொல்லி வைத்துவிடக் கூடாது. மனு உங்கள் அலுவலகத்துக்கு உரியது இல்லை என்றால், மனுதாரரை அனுப்பாமல் மனுவை அனுப்புங்கள். காகிதத்துக்குப் பேருந்துக் கட்டணம் இல்லை, கூலியும் போகாது.

இதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கையில் மட்டும்தான் இருக்கிறது. மாதக் கூட்டத்தில் கண்காணிப்பாளர்களிடம் நிலுவை எத்தனை என்று கேட்கிறீர்கள் அல்லவா, அதற்கு முன்னால் இந்த மாதம் பொதுமக்கள் மனுவில் எத்தனைக்கு எண் போட்டீர்கள் என்று கேளுங்கள். ஒரு பிரிவில் நிலுவை திடீரென்று கூடினால் தயவுசெய்து திட்டாதீர்கள். அந்தப் பிரிவில்தான் கண்ணாடிக்கு அடியிலிருந்து காகிதத்தை வெளியே எடுத்திருக்கிறார்கள். நிலுவை பூஜ்யம் என்று காட்டுகிற பிரிவின் மேசையில் கண்ணாடியைத் தூக்கிப் பாருங்கள்.

எண் கொடுக்க ஆரம்பித்தால் கூட்டம் பெருகிவிடும் என்று உங்கள் நேர்முக உதவியாளர் சொல்வார். நானும் என் அதிகாரியிடம் அதையேதான் சொன்னேன். முதல் மூன்று மாதம் பெருகும், உண்மை. அதில் பாதி, ஏற்கெனவே நான்கு முறை வந்து போனவர்கள்தான்.

மேசைக்கு ஆள் இல்லை என்றால், செவ்வாயும் வியாழனும் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை நான் வந்து உட்காருகிறேன். சம்பளம் வேண்டாம், அதிகாரமும் வேண்டாம், முத்திரையை உங்கள் ஆளே வைத்துக்கொள்ளட்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதித் தருவேன், இணைப்பில் என்ன குறைகிறது என்று தாளில் எழுதிக் கொடுப்பேன். டீ நானே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர்.

இணைப்பு: ஒப்புகைச் சீட்டு மாதிரி – 1 (எண்ணும் தேதியும் நிரப்பப்படவில்லை).

நகல்: தபால் பிரிவுத் தம்பிக்கு, தகவலுக்காக மட்டும்.